ஒன்பதாவது கோலும் அப்பீல் அக்காவும்

செருப்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தப் பல்செட் பட்டறை. ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டு. ஏறிப் போனால் சன்னலோரம் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து வாயைத் திறந்தால், அக்கா ஒரு வளைந்த தகட்டில் பசையைக் குழைத்து நிரப்பி மேல் தாடையில் வைத்து அழுத்திவிடுவாள். அச்சு எடுக்க வேண்டுமே. பசை இறுகும்வரை அசையக் கூடாது, பேசக் கூடாது, தலையைக்கூட ஆட்டக் கூடாது. அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா ஆரம்பிப்பாள்.

"நீங்களே சொல்லுங்க. பந்து எங்க போயிட்டிருந்தது?"

வந்தவர் எதைச் சொல்வது? வாய் நிறையப் பசை.

"வெளியே! கம்பத்துக்கு ரெண்டு ஆள் தள்ளி வெளியே போயிட்டிருந்தது. நான் கோலுக்குப் பின்னாடிதான் உட்கார்ந்திருந்தேன். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அப்ப அது எப்படி உள்ள போச்சு? யார்கிட்டயாவது வழி கேட்டுட்டுத் திரும்பிச்சா?"

வந்தவரின் கண்கள் மட்டும் இங்கேயும் அங்கேயும் உருளும். அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு அக்கா தொடர்வாள். எதிர்வாதமே எழாத நீதிமன்றம் அது. பசை இறுகும்போது வழக்கும் முடிந்திருக்கும், தீர்ப்பும் வந்திருக்கும். அந்தத் தெருவிலும் அடுத்த நாலு தெருவிலும் பொய்ப்பல் வைத்த அத்தனை பேருக்கும் ஒன்பதாவது கோல் மனப்பாடம்.

கீழே இருந்த செருப்புக்கடைக்காரர்தான் அவளுக்கு "அப்பீல் அக்கா" என்று பெயர் வைத்தார். அக்காவுக்கு அதில் கோபமில்லை. "அப்பீல் பண்றவங்களைக் கிண்டல் பண்ணுங்க. திருடினவங்களை மாலை போட்டுக் கூப்பிடுங்க" என்பாள்.

திருடினவர் என்று அவள் சொன்னது கேப்டனை.

கதை இதுதான். சுற்றியிருந்த சின்னச் சின்ன நாடுகள் சேர்ந்து ஆடும் ஒரு கால்பந்துக் கோப்பை உண்டு. முப்பது வருஷத்துக்கு முன் நாட்டு அணியை இறுதிப் போட்டிவரை இழுத்துக்கொண்டு போனவர் கேப்டன். அந்த ஒரு தொடரில் மட்டும் அதுவரை எட்டு கோல் போட்டிருந்தார். எட்டுதான் அப்போதைய சாதனை. இறுதிப் போட்டியில் ஒன்பதாவதும் விழுந்தது. ஒரே தொடரில் ஒன்பது கோல் போட்டவர் என்று கேப்டனைத் தோளில் தூக்கினார்கள். தபால் தலை வெளியிட்டார்கள். விளையாட்டு மைதானத்து வாசலில் சிலை வைத்தார்கள். சிலையின் சட்டையில் பெரிதாக ஒன்பது. அவர் ஆடியது பத்தாம் நம்பர் சட்டையில் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அதே அணியில் தடுப்பாட்டக்காரராக ஆடியவர் அக்காவின் கணவர். அப்போது அவர் பல் பட்டறை ஒன்றில் வேலை கற்று முடித்த இளைஞர். அக்காவுக்கும் அவருக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை ஆடுவதைப் பார்க்க அக்கா மைதானத்துக்குப் போய், கோலுக்குப் பின்னால் இருந்த மலிவு இருக்கையில் உட்கார்ந்தாள். கேப்டனின் ஒன்பதாவது உதை கேப்டனின் கோல் அல்ல, குனிந்து நின்ற தன் வருங்காலக் கணவரின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பி உள்ளே போன கோல் என்பதை அந்த மைதானத்தில் சரியாகப் பார்த்தது அவள் ஒருத்திதான். கேமரா ஒன்றே ஒன்று. அதுவும் அந்தக் கோடியில் இருந்தது. நடுவர் கேப்டனைக் காட்டிக் கையை உயர்த்தினார். அவ்வளவுதான்.

"ஆஃப்சைடா இருந்திருக்குமே அக்கா?" என்று செருப்புக்கடைக்காரர் ஒருமுறை வாயைக் கொடுத்தார்.

"கோல் கோட்டு மேல அவங்க ஆளுங்க ரெண்டு பேர் தூங்கிட்டு நின்னாங்க. ஆஃப்சைடாம் ஆஃப்சைடு. நீ செருப்பைத் தை."

எல்லாம் சரி. எதிரணியின் கோல் வாசலில் ஒரு தடுப்பாட்டக்காரர் பந்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டு என்ன செய்தார்? இதற்கு மட்டும் அக்காவிடம் பதில் இருந்தது, ஆனால் சொல்ல மாட்டாள். "ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கும்" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

அவர் தேடியது தன் பல்லை.

அரையிறுதியில் கோலுக்குள் போக இருந்த ஒரு பந்தை முகத்தால் தடுத்தார். பந்து நின்றது, முன்பல் நிற்கவில்லை. இறுதிப் போட்டிக்குள் விடுதி அறையிலேயே மெழுகும் தூளும் வெந்நீரும் வைத்துத் தனக்கு ஒரு பல் செய்து மாட்டிக்கொண்டார். கைத்தொழில் தெரிந்தவர் அல்லவா. ஆனால் இறுதிப் போட்டியில் ஒரு கார்னர் உதைக்கு முன்னேறிப் போய்த் தலையால் முட்டப் பார்த்தபோது, எதிரணி கோல்கீப்பரின் முழங்கை கன்னத்தில் பட்டு அந்தப் பல் புல்லில் விழுந்துவிட்டது. அவர் குனிந்தார். பந்து கேப்டனிடம் போனது. மற்றது நாட்டுக்கே தெரியும் என்று அக்கா நினைத்தாள். நாட்டுக்குத் தெரிந்தது வேறு.

அணியே கேப்டன் மேல் விழுந்து கட்டிப் புரண்டபோதும் அவர் புல்லைத் துழாவிக்கொண்டிருந்தார். பல் கடைசிவரை கிடைக்கவில்லை. கோப்பையோடு எடுத்த படத்தில் பத்துப் பேர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்க, ஒருவர் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். அந்தப் படம் பட்டறைச் சுவரில் மாட்டியிருந்தது. "தோத்துட்டீங்களா?" என்று பார்த்தவர்கள் கேட்பார்கள்.

ஏன் மறைக்க வேண்டும்? அடுத்த மாதம் சொந்தப் பட்டறை திறப்பதாக இருந்தார். "பல் கட்டுறவனோட பல்லே ஆட்டத்துல கழண்டு விழுந்துச்சுன்னா எவன் நம்பி வாயைக் காட்டுவான்?" என்று கல்யாணமான புதிதில் அக்காவிடம் சொன்னார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அநேகமாக அதுதான் கடைசி. ஊரில் பாதிப் பேருக்கு வாய் செய்து கொடுத்தவர், தன் வாயைச் சாப்பிட மட்டுமே திறப்பார். அலமாரி முழுக்க பல்செட்டுகள் சிரித்துக்கொண்டிருக்க, நடுவில் அவர் மோட்டாரை ஓடவிட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். முன்னறையில் அக்காவின் வழக்கு நடக்கும். நடுநடுவே உள்ளிருந்து ஒரே ஒரு சொல் வரும்.

"விடேன்."

"நீங்க சும்மா இருங்க. உங்க கோலைத்தான் பேசறேன்."

பல்லைச் சொல்லாமல் கோலை மட்டும் வாங்கித் தர வேண்டும். இதுதான் அக்கா தன் தலைமேல் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த வேலை. கால்பந்துச் சங்கத்துக்கு நேரில் போனாள். அங்கே இருந்த அதிகாரி, "அம்மா, உங்க வீட்டுக்காரரையே வந்து சொல்லச் சொல்லுங்க" என்றார். வீட்டுக்காரர் போவாரா? கேப்டனையே பார்த்துச் சட்டையைப் பிடிக்கலாம் என்றால், கேப்டன் இருந்தது வேறு ஊரில். கிழடு தட்டி அவருக்குப் பல் விழ ஆரம்பித்தபோது பல்செட் செய்து கொடுத்தவரும் அக்காவின் கணவரேதான். ஆனால் பெட்டியை எடுத்துக்கொண்டு தானே ரயிலேறிப் போய் அச்சு எடுத்து வருவார். கேப்டனைப் பட்டறைப் படியேற விட்டதே இல்லை. அக்காவையும் கேப்டனையும் ஒரே அறையில் விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். உள்ளறை நாற்காலியிலேயே, மோட்டார் ஓடிக்கொண்டிருக்க. சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்ததால் அக்கா முன்னறையில் யாரோ ஒருவரின் வாயில் பசையை வைத்து ஒன்பதாவது கோலைச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். "விடேன்" வரவில்லையே என்றுதான் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு உள்ளறை மோட்டாரில் உட்கார்ந்தவள் அவருடைய தங்கை, அக்காவின் நாத்தனார். அண்ணனிடமே தொழில் கற்றவள். அண்ணனைப் போல வாய் மூடிய பிறவி அல்ல. கால்பந்து என்றாலே எரிச்சல்.

"அண்ணி, செத்தவரையாவது நிம்மதியா விடுங்க. நேத்து வந்தவர் வாயில பசை காஞ்சு பாறையாயிடுச்சு. நீங்க இன்னும் கார்னர்லயே நிக்கறீங்க."

"கோல் வரும்போது எடுக்கணும்னு இருந்தேன்."

"வாயோட வந்துடும்னு நான் இருந்தேன்."

அந்த வருஷம் மறுபடியும் அந்தக் கோப்பை வந்தது. நாட்டு அணியில் புதிதாக ஒரு சின்னப் பையன். இருபது வயதுகூட நிரம்பவில்லை. எல்லோரும் "பொடியன்" என்றார்கள். பொடியன் ஆட்டத்துக்கு ஆட்டம் கோல் போட்டு, இறுதிப் போட்டிக்கு முன் எட்டில் வந்து நின்றான். இன்னும் ஒன்று போட்டால் கேப்டனுக்குச் சமம். டிவியில் எந்நேரமும் கேப்டனின் பழைய படம். போதாததற்கு, கோலுக்குப் பின்னால் இருந்து யாரோ எடுத்த பழைய படச்சுருள் ஒன்று கிடைத்திருக்கிறது, இறுதிப் போட்டியன்று கேப்டனையே வரவழைத்துக் காட்டப்போகிறோம் என்று தொலைக்காட்சிக்காரர்கள் அறிவித்தார்கள்.

கோலுக்குப் பின்னால் இருந்து! அக்கா அன்று சாப்பிடவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பக்கம்.

அடுத்த இரண்டாம் நாள் படிக்கட்டில் கனமான காலடி. ஒரு பெரிய உருவம் பக்கவாட்டில் திரும்பி ஏறி வந்தது. கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. கையில் கைக்குட்டையில் சுற்றிய, இரண்டாக உடைந்த பல்செட்.

"தங்கச்சி" என்றார் கேப்டன். பல் இல்லாததால் காற்றுதான் பாதி வந்தது. "தம்பி இல்லாத பட்டறைக்கு வர மனசே இல்ல. வாஷ்பேசின்ல நழுவிடுச்சும்மா. டிவிக்காரங்க கூப்பிட்டிருக்காங்க. பொக்கை வாயோட எப்படிப் போறது?"

உள்ளே மோட்டார் நின்றது. நாத்தனார் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, நான் அச்சு எடுக்கறேனே."

"நீ உன் வேலையைப் பாரு" என்றாள் அக்கா. குரல் தேன் மாதிரி இருந்தது. "உட்காருங்க அண்ணா. நல்லா சாஞ்சுக்குங்க. வாயைத் திறங்க. இன்னும் நல்லா."

தேவைக்கு மேல் ஒன்றரைப் பங்கு பசை குழைத்தாள். அழுத்தினாள். பிறகு ஒரு முக்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். முப்பது வருஷமாக யார் யார் வாயிலோ பசையை வைத்து ஒத்திகை பார்த்தது இந்த நாளுக்காகத்தானே.

"பந்து எங்க போயிட்டிருந்தது?"

கேப்டனின் கண் விரிந்தது. கையை ஆட்டினார்.

"கையை ஆட்டாதீங்க, அச்சு கெட்டுடும். நானே சொல்றேன். வெளியே போயிட்டிருந்தது. நீங்க உதைச்ச உதைக்கு அது பார்க்கிங்ல போய் ஏதாவது காரைத்தான் உடைச்சிருக்கணும். பட்டது என் வீட்டுக்காரர் மேல. உள்ள போனது அவரால. சிலை யாருக்கு? உங்களுக்கு. தபால் தலை யாருக்கு? உங்களுக்கு. என் வீட்டுக்காரருக்கு என்ன? ஒண்ணுமில்ல. ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'இது தம்பி போட்ட கோல்'னு நாலு பேர் முன்னாடி சொன்னீங்களா? அவர் வீடு தேடி வந்து உங்க வாய்க்குப் பல் கட்டினாரே, அந்த வாயால சொன்னீங்களா?"

கேப்டன் "ம்ம்! ம்ம்!" என்றார். தலையை ஆட்டினார். தொடையைத் தட்டினார். கண்ணில் நீர் வழிந்தது. அது வருத்தமா மூச்சுத் திணறலா என்று நாத்தனாருக்குச் சந்தேகம்.

"அண்ணி, எடுத்துடுங்க. இவருக்கு மூச்சு நின்னா பட்டறையையே இழுத்து மூடிடுவாங்க."

அக்கா தகட்டைப் பிடித்து இழுத்தாள். 'ப்ளக்' என்று வந்தது. கேப்டன் மூச்சை இழுத்துவிட்டு முதலில் சொன்னது இதுதான்:

"தங்கச்சி! நானும் அதையேதானம்மா சொல்றேன்!"

அக்கா தகட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"அது என் கோல் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? உதைச்சவன் நான். அன்னிக்கே ஆட்டம் முடிஞ்சதும் நடுவர் அறைக்குச் சொல்லத்தான் கிளம்பினேன். தம்பி குறுக்க வந்து காலைப் பிடிச்சுட்டான். நிஜமாவே காலைப் பிடிச்சான்மா. 'அண்ணே, நீங்களே வச்சுக்குங்க. என் கோல்னா ஏன் குனிஞ்சேன்னு கேப்பாங்க. பல்லுனு தெரிஞ்சா பட்டறை திறக்கறதுக்கு முன்னாடியே இழுத்து மூட வேண்டியதுதான்'னு. கல்யாணம் வேற வச்சிருக்கேன்னு அழுதான். நான் என்ன பண்ணுவேன்? வாங்கி வச்சுக்கிட்டேன். சிலை திறக்கறப்ப அவன் கூட்டத்துல நின்னு கையைத் தட்டறான். எனக்கு உடம்பே கூசிடுச்சு."

அக்கா தகட்டை மேசையில் வைத்தாள்.

அக்கா மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். பத்துப் பேர் சிரித்தார்கள். ஒருவர் வாயை மூடியிருந்தார்.

"ஏங்க" என்றாள் அக்கா அந்தப் படத்தைப் பார்த்து. "தீர்ப்பு எழுதினதே நீங்கதானா? நான் சங்கத்துக்குப் போய் நின்னப்ப சொல்லக் கூடாதா? கல்யாண வீட்டுல, பஸ்ஸுல, டாக்டர் வீட்டு வரிசையில, தொண்டை வத்த நான் கத்தறேன், நீங்க உள்ள உட்கார்ந்து பல்லைத் தேய்ச்சுக்கிட்டு 'விடேன்'னு சொல்றீங்க. காரணத்தைச் சொல்லிட்டு 'விடேன்'னு சொன்னா விட மாட்டேனா?"

"விட மாட்டீங்க" என்றாள் நாத்தனார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கூடவே இன்னொன்றும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தங்கச்சி, அவன் போயிட்டான். இனிமே யாருக்காக நான் இதைச் சுமக்கணும்? நாளன்னிக்கு டிவியில சொல்லிடவா?" என்றார் கேப்டன். "நீ சொல்லு. சொல்லுன்னா சொல்றேன், வேண்டாம்னா வேண்டாம்."

முப்பது வருஷம் கேட்டது கைக்கு வந்து நிற்கிறது. அக்கா வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"கோலைக் கொடுங்க. வேண்டாங்கல. ஆனா பல்லுனு ஒரு வார்த்தை வந்துச்சு, இந்தப் படியில ஒரு ஈ காக்கா ஏறாது. அண்ணன் பயந்தது சரிதான். நான் இந்த மோட்டாரை வச்சுத்தான் பொழைக்கணும்."

"லேஸ்னே சொல்லுங்க அண்ணா" என்றாள் அக்கா. "கோல் அவருது. குனிஞ்சது லேஸ் கட்ட. பல்லைப் பத்தி மூச்சு விடாதீங்க. அவர் மறைச்சதை நான் திறந்து காட்டக் கூடாது."

"எனக்குப் பொய் சரியா வராது தங்கச்சி."

"முப்பது வருஷமா வந்ததே!"

"அது வாயைத் திறக்காம சொன்னதும்மா. திறந்து சொல்றது வேற."

நாத்தனார் பல்செட்டைச் செய்து முடித்தாள். நிற அட்டையை வைத்துப் பார்த்து, வயதுக்குத் தகுந்த மாதிரி லேசாக மஞ்சளாகவே செய்தாள். அண்ணன் சொல்லிக் கொடுத்தது அது. ரொம்ப வெள்ளையாகப் போட்டால் பல் தனியாகவும் ஆள் தனியாகவும் தெரிவார்கள் என்பார்.

இறுதிப் போட்டியன்று சாயங்காலம் செருப்புக்கடையில் தெருவே கூடியிருந்தது. செருப்புக்கடைக்காரர் டிவியைச் செருப்பு அடுக்கும் தட்டின் மேல் ஏற்றியிருந்தார். அக்காவுக்கு முன்வரிசையில், கால் அளவு பார்க்கும் பெஞ்சு. பக்கத்தில் நாத்தனார், கால்பந்து பிடிக்காத முகத்தோடு.

முதல் பாதி முடிவதற்குள் பொடியன் ஒரு கோல் போட்டான். கடை குலுங்கியது. மேல் தட்டிலிருந்து இரண்டு ஜோடி விழுந்தது. ஒன்பது! அக்கா மட்டும் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

இடைவேளையில் கேப்டன் திரையில் வந்தார். புதுப் பல் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் தொகுப்பாளர், இன்னொரு பக்கம் நிபுணர் என்று ஒரு பழைய கோல்கீப்பர்.

"ஒன்பதுக்கு ஒன்பது! உங்க சாதனைக்கு இப்ப ஒரு பங்காளி வந்துட்டாரு. எப்படி இருக்கு?" என்றார் தொகுப்பாளர்.

"பங்காளி எல்லாம் இல்ல தம்பி" என்றார் கேப்டன். "பொடியன் தனியாத்தான் நிக்கிறான். எனக்கு எட்டுதான். ஒன்பதாவது நான் போட்டதில்ல."

கடையில் அத்தனை தலையும் அக்காவின் பெஞ்சுப் பக்கம் திரும்பின. செருப்புக்கடைக்காரர் மட்டும், "அக்கா, கேஸ் ஜெயிச்சிடுச்சு போல" என்று முணுமுணுத்தார்.

பழைய படத்தை ஓடவிட்டார்கள். கீறல் விழுந்த படம். பந்து கேப்டனின் காலில் பட்டு எங்கோ போகிறது. நடுவில் குனிந்த ஒரு பின்பக்கம். பந்து அதில் பட்டு, யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி வலைக்குள் போகிறது. மெதுவாக ஓட்டினார்கள். இன்னும் மெதுவாக. நாடு முழுக்க வீட்டுக்கு வீடு அவருடைய பின்பக்கம். அக்கா வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அதுவேதான். அவளுக்கு அதை எங்கே பார்த்தாலும் தெரியும்.

"அவர் ஏன் குனிஞ்சிருந்தார்?" என்றார் தொகுப்பாளர்.

கேப்டன் தொண்டையைச் செருமினார். "அது... ஷூ... லேஸு..." நெற்றியில் வேர்வை.

"லேஸ் ரெண்டும் கட்டித்தானே இருக்கு? கை புல்லைத்தானே துழாவுது?"

அப்போதுதான் நிபுணர் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுல என்ன சார் இருக்கு? இத்தனை வருஷம் கோல் வாசல்ல நின்ன எனக்குத் தெரியாதா? பந்துக்குப் பயந்துட்டாரு. தலையைக் காப்பாத்திக்கக் குனிஞ்சிட்டாரு. பயந்து ஒளிஞ்சவர் பேருக்கு ஒரு கோல்!"

ஸ்டுடியோவில் சிரித்தார்கள். கடையிலும் ஒன்றிரண்டு பேர் சிரித்து, அக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். திரையின் அடியில், நேயர்கள் பேசுவதற்கான எண் ஓடியது.

"போனைக் கொடு" என்றாள் அக்கா செருப்புக்கடைக்காரரிடம்.

நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள். "அண்ணி. பட்டறை."

"பயந்தவராம்டி. உங்க அண்ணன்."

நாத்தனார் திரையைப் பார்த்தாள். நிபுணர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் கையை விட்டாள். "நம்பரை நான் போடறேன். உங்களுக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது."

எப்படியோ லைன் கிடைத்துவிட்டது.

"வணக்கம்மா, டிவி சத்தத்தைக் குறைச்சுட்டுப் பேசுங்க!"

"குறைக்க முடியாது, கடை நிறைய ஆள் இருக்கு. அந்தச் சிரிச்ச ஆளை முதல்ல வாயை மூடச் சொல்லுங்க. குனிஞ்சு நின்னவர் என் வீட்டுக்காரர். அவர் தேடினது அவர் பல்லை."

"பல்லையா?"

"பல்லைத்தான். அரையிறுதியில கோலுக்குள்ள போக இருந்த பந்தை மூஞ்சியைக் கொடுத்துத் தடுத்தாரு. முன்பல் போச்சு. பயந்தவனா மூஞ்சியைக் கொடுப்பான்? அன்னிக்கு அந்தப் பந்து உள்ள போயிருந்தா இறுதிப் போட்டியே கிடையாது, சிலையும் கிடையாது, இந்த நிகழ்ச்சியும் கிடையாது. அடுத்த ஆட்டத்துக்குத் தானே ஒரு பல் செஞ்சு மாட்டிக்கிட்டுப் போனாரு. அது அவசரத்துல செஞ்சது. விழுந்துடுச்சு. அவசரத்துல செஞ்ச பல் விழத்தான் செய்யும். எங்க பட்டறையில அப்புறம் அவசரமா எதையும் செஞ்சதில்ல. அதையும் சேர்த்துச் சொல்லிக்கிறேன். வேற ஏதாவது கேக்கணுமா?"

கேப்டன் மேசையில் ஓங்கி அடித்தார். "அதான்! அதேதான்! தங்கச்சி சொல்றது அத்தனையும் சத்தியம்!" என்றார். சொன்ன வேகத்தில் மேல் செட் கொஞ்சம் அசைந்தது. ஆனால் விழவில்லை. நாத்தனார் நெஞ்சில் கை வைத்தபடி பெருமூச்சு விட்டாள்.

இரண்டாம் பாதியை அந்தக் கடையில் யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பட்டறைப் படியில் ஒரு பெரியவர் ஏறி வந்தார். நாத்தனார் முகம் இறுகியது. பழைய வாடிக்கையாளர். பணத்தைத் திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

"நேத்து டிவியில பார்த்தேன்" என்றார் பெரியவர். "என்னோடது குனிஞ்சா விழுமா?"

"குனிஞ்சு பாருங்க" என்றாள் நாத்தனார்.

பெரியவர் குனிந்தார். தலையை ஆட்டினார். நாத்தனார் பின்னால் போய் முதுகில் இரண்டு தட்டும் தட்டினாள். விழவில்லை. பெரியவர் நிமிர்ந்து, மூச்சிரைக்கச் சிரித்தார். அந்த வாரம் முழுக்க இதே கூத்து. கீழிருந்து பார்த்தால் சன்னலில் யாராவது ஒருவர் குனிந்துகொண்டே இருப்பார். அன்றிலிருந்து புதுச் செட் வாங்குகிறவரை குனியவைத்துப் பார்த்துத்தான் அனுப்புவது என்று ஆகிவிட்டது. யாருடைய வாயும் பட்டறையை விட்டுப் போகவில்லை.

சில வாரம் கழித்துக் கால்பந்துச் சங்கம் பட்டியலைத் திருத்தியது. பொடியன் ஒன்பது. கேப்டன் எட்டு. எல்லாவற்றுக்கும் அடியில், ஒரே ஒரு கோல் போட்டவர்கள் வரிசையில், அக்காவின் கணவர் பெயர். பேப்பரிலும் வந்தது. செருப்புக்கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார்.

அப்போது நாற்காலியில் ஒருவர் வாய் நிறையப் பசையோடு சாய்ந்திருந்தார். அக்கா வழக்கம்போல முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீங்களே சொல்லுங்க" என்று ஆரம்பித்து, அப்படியே நின்றுவிட்டிருந்தாள். சொல்ல ஒன்றுமில்லை. வழக்கு முடிந்துவிட்டது. உள்ளே மோட்டார் ஓடியது. "விடேன்" என்று சொல்லவும் அங்கே யாருமில்லை. நாற்காலியில் இருந்தவர், அக்கா ஏதோ சொல்வாள் என்று கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பாருங்க, போட்டுட்டாங்க!" என்று பேப்பரை விரித்தார் செருப்புக்கடைக்காரர். சத்தம் கேட்டு நாத்தனாரும் வெளியே வந்தாள்.

அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, கணவரின் பெயரை விரலால் ஒருமுறை தொட்டாள். பிறகு கீழே இருந்த விளக்கத்தைப் படித்தாள். ஒருமுறை படித்தாள். புருவம் ஏறியது. இன்னொரு முறை படித்தாள்.

"'இடது தொடையில் பட்டு'ன்னு போட்டிருக்கான்" என்றாள்.

"மரியாதைக்காகப் போட்டிருப்பாங்க அண்ணி. விடுங்களேன்" என்றாள் நாத்தனார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பல மாதமாக அந்த முகத்தில் இல்லாத வெளிச்சம்.

"நீ சும்மா இரு. என் வீட்டுக்காரர் உடம்பு, எனக்குத் தெரியாதா?"

முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் இருந்தவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே சொல்லுங்க. தொடை எங்க இருக்கு?"